பழைய கேம் என்ஜினில் படம் ஏன் உடைகிறது?

பழைய கேம் ஒன்றைப் புது மடிக்கணினியில் போட்டதும் சுவர்கள் மினுங்கும். தண்ணீர் கறுப்பாகத் தெரியும். சில வேளை திரை ஒரு கணம் இருண்டுவிட்டு, கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். திருகோணமலை மத்திய வீதியில் கணினி திருத்தும் கடை எதிலாவது கேட்டுப் பாருங்கள். மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும்: "கார்ட் காணாது." "டிரைவரை அப்டேட் பண்ணுங்கோ." "அது பழைய கேம், இனி ஓடாது."

முதலாவது பதில் அநேகமாகத் தலைகீழ். 1996 இல் குவேக் கேம் 320×200 அளவுத் திரைக்காக எழுதப்பட்டது. அதாவது ஒரு படத்துக்கு 64,000 புள்ளிகள். இன்றைய சாதாரண 1920×1080 திரையில் 2,073,600 புள்ளிகள், ஏறக்குறைய 32 மடங்கு. அந்தச் சுமையையும் மலிவான மடிக்கணினி அலட்சியமாகத் தூக்கும். ஆக, கார்ட் காணாமல் போனது சிக்கலல்ல. நிரல் எதிர்பார்த்த கார்ட் இதுவல்ல என்பதே சிக்கல். சின்ன வள்ளத்துக்கென்று கட்டிய இறங்குதுறைக்குப் பெரிய கப்பல் வந்து நின்றால் பலகை எட்டாது. இறங்குதுறையில் பழுதில்லை, கப்பலிலும் பழுதில்லை.

அந்தப் பலகையை எட்டவைக்கும் வேலை பற்றியதுதான் இந்தக் கட்டுரை. உதாரணங்கள் பெரும்பாலும் குவேக்கிலிருந்து வரும். அதன் மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1999 இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. யாரும் இறக்கி, திறந்து, கீழே சொல்லப்படும் வரிகளைத் தாங்களே பார்க்கலாம்.

என்ஜினில் ரெண்டரிங் எது?

கூத்து ஒன்றில் கதையும் பாட்டும் வேறு, மேடையும் விளக்கும் ஒலிபெருக்கியும் வேறு. மேடை, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்தது என்ஜின். அடுத்த கிழமை அதே மேடையில் வேறு கூத்துப் போடலாம். அதுபோல ஒரே என்ஜினில் பல கேம்கள் ஓடுகின்றன.

ரெண்டரிங் என்பது அந்த என்ஜினுக்குள் ஒரு பகுதி. கணினியின் நினைவகத்தில் எண்களாகக் கிடக்கும் காட்சியைத் திரையின் புள்ளிகளாக, அதாவது பிக்சல்களாக, மாற்றுவது அதன் வேலை. இப்படி வரைந்து முடிக்கும் ஒவ்வொரு முழுப் படமும் ஒரு ஃபிரேம். செக்கனுக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெக்கன். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

காட்சி முழுவதும் முக்கோணங்களால் ஆனது. ஒரு முக்கோணத்தின் மூலை ஓர் உச்சி. முக்கோணத்தின் மேல் ஒட்டப்படும் படம் டெக்ஸ்சர். செங்கல் சுவர் என்பது இரண்டு முக்கோணமும் ஒரு செங்கல் படமும்தான்.

ஓர்டர் எடுப்பவரும் குசினியும்

"கிராபிக்ஸ்" என்று ஒரே சொல்லில் கதைக்கப்படும் விஷயத்தில் உண்மையில் மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். இரவு ஏழு மணிக்கு நிரம்பி வழியும் சாப்பாட்டுக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மேசைக்கு மேசை ஓடி ஓர்டர் எடுப்பவர் ஒருவர். வேகமானவர், எதையும் யோசித்துச் செய்யக்கூடியவர், ஆனால் தனி ஆள். இவர்தான் கணினியின் மையச் செயலி. பின்னால் குசினியில் நூற்றுக்கணக்கானோர் நிற்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ரொட்டி வீசுவார்கள், ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி ரொட்டிதான் வீசுவார்கள். அது கிராபிக்ஸ் கார்ட். இருவருக்கும் நடுவில் ஒரு சன்னல். அங்கே நிற்பவர் ஓர்டர் துண்டை வாசித்து அந்தக் குசினிக்கு விளங்கும் பாஷையில் சொல்வார். அவர்தான் டிரைவர். குசினிக்குக் குசினி பாஷை வேறு, ஆகவே ஒவ்வொரு கார்ட் நிறுவனத்துக்கும் டிரைவர் வேறு.

துண்டில் என்ன எழுதலாம், எப்படி எழுதலாம் என்ற பொது விதிதான் ஓபன்ஜிஎல், டைரக்ட்3டி, வல்கன் போன்றவை. ஓபன்ஜிஎல் 1992 இல் வந்தது, வல்கன் 2016 இல். பழைய என்ஜின் பழைய விதிப்படி துண்டு எழுதுகிறது. சன்னலில் நிற்பவர் புதியவர். பல சிக்கல்கள் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

"டிரைவரை அப்டேட் பண்ணுங்கோ" என்பது சில வேளை பலிப்பதும் இதனால்தான். சன்னலில் நிற்பவரின் பிழை என்றால் அவரை மாற்றினால் தீரும். துண்டே பிழையாக எழுதப்பட்டிருந்தால், நேற்றுவரை பிழையைப் பொறுத்துக்கொண்டவர் போய்க் கறாரானவர் வரும்போது நிலைமை இன்னும் மோசமாகும்.

நீளமான பட்டியலால் விழும் கேம்

தொடங்கிய உடனே மூடிக்கொள்ளும் கேம்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் வரைதலே அல்ல, எழுத்து.

ஓபன்ஜிஎல்லில் ஒவ்வொரு கார்டும் தனக்குத் தெரிந்த மேலதிக வித்தைகளை ஒரு பட்டியலாகச் சொல்லும். ஒவ்வொரு வித்தையும் ஓர் எக்ஸ்டென்ஷன். 1997 இல் அந்தப் பட்டியல் சில வரிகளுக்குள் அடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான பெயர்கள். குவேக்கின் ஓபன்ஜிஎல் வடிவமான ஜிஎல்குவேக் தொடங்கும்போது இந்தப் பட்டியலை முழுசாகக் கன்சோலில், அதாவது கேம் தன் செய்திகளை எழுதும் திரையில், அச்சிடப் பார்க்கும். அச்சிடும் பகுதி ஒதுக்கி வைத்திருக்கும் இடமோ 4096 எழுத்து. மிச்சம் அடுத்த வீட்டு வளவுக்குள் வழிந்து, அங்கே இருந்ததை அழித்துவிட, கேம் விழுகிறது.

இதற்குப் பலர் செய்யும் முதல் வைத்தியம் 4096 ஐ 16384 ஆக்குவது. கேம் ஓடும், பிழை போகாது. வாளியைப் பெரிதாக்கினோமே தவிரக் குழாயைப் பூட்டவில்லை. சரியான வைத்தியத்துக்கு இரண்டு படி. அச்சிடும் இடத்தில், கொள்ளளவுக்கு மேல் எழுதாமல் வெட்டும் விஎஸ்என்பிரின்ட்எஃப் என்ற நிரற்கூற்றைப் போட வேண்டும். பிறகு, 2008 இன் ஓபன்ஜிஎல் 3.0 முதல் கிடைக்கும் வழியில், முழுப் பட்டியலையும் ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) கேட்காமல் பெயர் பெயராகக் கேட்க வேண்டும்.

அதே இடத்தில் இன்னொரு பொறி. ஒரு வித்தை இருக்கிறதா என்று பார்க்கப் பழைய நிரல் முழுச் சரத்துக்குள் பெயரைத் தேடும். வரவு இடாப்பில் "ராஜா" வந்திருக்கிறாரா என்று தேடி, "ராஜாராம்" என்ற பெயரின் முதல் பாதியைப் பார்த்துவிட்டு "வந்திருக்கிறார்" என்று சொல்வது போன்றது அது. பெயர் முடியும் இடத்தில் இடைவெளியோ சரத்தின் முடிவோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூலநிரல் கையில் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. லினக்ஸில் புழங்கும் மேசா டிரைவரில், குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிந்திய எக்ஸ்டென்ஷன்களை மறைக்கும் சூழல் மாறி (கேமை ஓட்டும் முன் வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) இருக்கிறது. அதில் 2000 என்று போட்டால் கார்ட் 2000 ஆம் ஆண்டுக் கார்ட் போலத் தன் பட்டியலைச் சுருக்கிச் சொல்லும். இந்த ஒரு பிழைக்காகவே டிரைவர் எழுதுபவர்கள் இப்படியொரு கதவு திறந்து வைத்திருக்கிறார்கள் என்றால், எத்தனை கேம்கள் இதில் விழுந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு துண்டு

பழைய ஓபன்ஜிஎல் நிரலில் வரைதல் இப்படி நடக்கும்: தொடங்கு, நிறம் இது, டெக்ஸ்சரில் இந்த இடம், உச்சி இங்கே, நிறம் இது, டெக்ஸ்சரில் இந்த இடம், உச்சி இங்கே, முடி. இதற்கு உடனடி முறை என்று பெயர். ஓர்டர் எடுப்பவர் ரொட்டி ஒன்றுக்கு மூன்று தடவை சன்னலுக்கு ஓடுகிறார்.

ஒரு காட்சியில் 10,000 உச்சி என்றால் ஃபிரேமுக்கு 30,000 அழைப்பு, செக்கனுக்கு 60 ஃபிரேமில் 18 இலட்சம். குசினியில் நூறு பேரும் கை கட்டிக்கொண்டு நிற்க, ஓடுகிறவர் மட்டும் வேர்த்து விறுவிறுக்கிறார். விலை கூடிய கார்ட் வாங்கிப் போட்டும் பழைய கேமின் வேகம் கூடாததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புதிய முறையில் உச்சிகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கார்டின் நினைவகத்தில் இறக்கி வைத்துவிட்டு, "அந்தக் குவியலில் இத்தனையாவதிலிருந்து இத்தனை வரை" என்று ஒரே துண்டு அனுப்புவோம். அந்தக் குவியலுக்கு உச்சித் தாங்கி என்று பெயர். அசையாத சுவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

கணக்கு எப்படி என்று பார்ப்போம். ஓர் உச்சிக்கு இடம் மூன்று எண், டெக்ஸ்சர் இடம் இரண்டு, லைட்மேப் இடம் இரண்டு. லைட்மேப் என்பது சுவரில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று முன்கூட்டியே கணித்து வைத்த மங்கலான இரண்டாவது படம். மொத்தம் ஏழு எண், எண்ணுக்கு 4 பைட், ஆக 28 பைட். 10,000 உச்சிக்கு 280,000 பைட். இன்றைய கார்டுக்கு இது தூசு.

மாற்றும்போது வழக்கமாகப் பிழைக்கும் இடம் இந்த 28 தான். ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்கிறோம். 28 க்குப் பதில் 20 என்று சொன்னால், இரண்டாவது உச்சி முதல் உச்சியின் லைட்மேப் எண்களைத் தன் இடமாக வாசிக்கும். திரையில் முக்கோணங்கள் நாலாபக்கமும் ஈட்டிபோல நீண்டு வெடித்திருக்கும். உருவம் சரி, வெளிச்சம் மட்டும் தாறுமாறு என்றால் லைட்மேப் தொடங்கும் இடம் 20 என்று சொல்லியிருக்கிறீர்களா எனப் பாருங்கள் (இடம் 12, டெக்ஸ்சர் 8, கூட்டினால் 20).

இதே மாற்றத்தில் டெக்ஸ்சர் எண்களும் இடறும். ஜிஎல்குவேக் தன் டெக்ஸ்சர்களுக்கு 1, 2, 3 என்று தானே எண் போட்டுக்கொள்ளும். பழைய விதியில் அது குற்றமில்லை. பழைய முறைகளை நீக்கிய புதிய ஓபன்ஜிஎல் வடிவத்தில், டிரைவரிடம் கேட்டு வாங்கிய எண் மட்டுமே செல்லும். கேட்காமல் போட்ட எண்ணை டிரைவர் மறுக்கும், ஆனால் கேம் விழாது. சுவர் மட்டும் கறுப்பாகவோ முன்னைய டெக்ஸ்சரோடோ நிற்கும்.

இதுவரை பார்த்ததைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போவோம்: செயலி சொல்கிறது, டிரைவர் மொழிபெயர்க்கிறது, கார்ட் வரைகிறது. தொடக்கத்திலேயே விழுந்தால் பட்டியலைச் சந்தேகியுங்கள். வேகம் வரவில்லை என்றால் அழைப்புகளை எண்ணுங்கள். உருவம் வெடித்தால் பைட்டைக் கூட்டிப் பாருங்கள்.

சுவாமி மலையிலிருந்து தெரியும் கப்பல்கள்

இனி, சுவர் மினுங்கும் நோய். அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது இதுதான்.

கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் இரண்டு மான்கள் நின்றால் எது முன்னால், எது பின்னால் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். மலை உச்சிக்குப் போய்க் கடலைப் பாருங்கள். தொடுவானத்தில் இரண்டு கப்பல். எது கிட்ட, எது தூர? சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மைல் இருக்கலாம், கண்ணுக்கு ஒன்றே.

கார்டுக்கும் இதே பார்வைதான். ஒவ்வொரு பிக்சலிலும் இதுவரை வரைந்த பொருள் எவ்வளவு தூரம் என்று ஓர் எண்ணைக் குறித்து வைக்கும். அந்தக் குறிப்பேடு டெப்த் பஃபர். புதிதாக வரும் பொருள் அதைவிடக் கிட்ட என்றால் வரையும், இல்லையென்றால் விடும். இரண்டு மேற்பரப்புக்கும் ஒரே எண் வந்துவிட்டால் ஒரு பிக்சலில் இது வெல்லும், அடுத்ததில் அது வெல்லும். கமரா அசைய அசைய வெற்றி மாறும். அந்த மினுக்கத்துக்கு இசட்-சண்டை என்று பெயர்.

எண்கள் தூரத்துக்குச் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதுதான் இதில் விளங்க வேண்டிய சங்கதி. கமராவுக்கு மிகக் கிட்ட, இதற்கு முன்னால் எதையும் வரையாதே என்று ஓர் எல்லை உண்டு. அது கிட்டத்தளம். குவேக்கில் அது 4 அலகு. இருக்கும் எண்களில் பாதி 4 இலிருந்து 8 வரையான தூரத்துக்கே செலவாகிவிடும்! மிச்சப் பாதிதான் 8 இலிருந்து தொடுவானம் வரைக்கும்.

16 பிட் டெப்த் பஃபரில் 65,536 எண்கள். 4,000 அலகு தூரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்ணுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 61 அலகு. குவேக்கில் ஆட்டக்காரரின் உயரமே 56 அலகு. ஓர் ஆளையே முழுசாக விழுங்கும் இடைவெளி. 24 பிட் என்றால் அதே இடத்தில் இடைவெளி சுமார் 0.24 அலகு.

நவீன கார்டில் 16 பிட் எப்படி வரும் என்று கேட்கலாம். கேட்காவிட்டால் வரலாம். சாளரம் திறக்கப் பலர் பாவிக்கும் எஸ்டிஎல் நூலகத்தில் டெப்த் அளவைக் குறிப்பிடாமல் விட்டால், அது டிரைவரிடம் கேட்கும் குறைந்தபட்சம் 16. ஒரு டிரைவர் தாராளமாக 24 கொடுக்கும், இன்னொன்று கேட்டதைக் கொடுக்கும். "என்ர கணினியில் சரி, அவன்ர கணினியில் மினுங்குது" என்ற வாக்குவாதத்தின் வேர் இந்த ஒரு வரி. சாளரம் திறக்கும் முன் 24 என்று வெளிப்படையாகக் கேளுங்கள். திறந்த பிறகு எவ்வளவு கிடைத்தது என்று வாசித்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

இன்னொரு காரணத்தை அறியும்போது சிரிப்பு வரும். ஜிஎல்குவேக்கில் ஜிஎல்_இசட்ட்ரிக் என்றொரு அமைப்பு இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அந்தக் காலக் கார்டுகளில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் டெப்த் பஃபரை அழிப்பது செலவான வேலை. ஆகவே அழிக்காமலே, ஒரு ஃபிரேமுக்கு எண்களின் முதல் பாதி, அடுத்ததுக்கு மற்றப் பாதியைத் தலைகீழாக என்று மாற்றி மாற்றிப் பாவித்தார்கள். கொப்பியின் இரண்டு பக்கமும் எழுதி மிச்சம் பிடிப்பது மாதிரி. அன்று அது கெட்டித்தனம். இன்றைய கார்டில் அழிப்பது கிட்டத்தட்ட இலவசம், ஆனால் தந்திரம் எண்களில் பாதியைத் தின்கிறது. 0.24 ஆக இருந்த இடைவெளி 0.48 ஆகிறது. அந்த அமைப்பைப் பூச்சியமாக்கிவிட்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் டெப்த் பஃபரை அழியுங்கள்.

கிட்டத்தளத்தை 4 இலிருந்து 1 ஆகக் குறைப்பது வழக்கமான பிழை. துவக்கின் நுனி வெட்டுப்படுகிறது என்று யாராவது குறைப்பார்கள். துவக்கு சரியாகும், தூரத்து மலையில் இடைவெளி நான்கு மடங்காகும். துவக்கை மட்டும் அதற்கென்று தனிக் கிட்டத்தளம் வைத்து, டெப்த் எண்களில் ஒரு சிறு துண்டு ஒதுக்கி வரைவதே முறை.

சில மினுக்கம் எந்தப் பிட்டாலும் தீராது. கதவும் சுவரும் ஒரே தளத்தில் அச்சொட்டாகக் கிடக்கும்படி வரைபடமே (ஆட்டம் நடக்கும் இடத்தின் அமைப்பே) செய்யப்பட்டிருந்தால் இரண்டும் உண்மையிலேயே ஒரே தூரம். அதற்கு ஒன்றை ஒரு நூலளவு முன்னே தள்ளிக் கணக்கிடும் பாலிகன் ஆஃப்செட் தேவை. எல்லாவற்றுக்கும் அதைப் போட்டால் சுவருக்குப் பின்னால் இருப்பது முன்னால் எட்டிப் பார்க்கும். கதவு, லிஃப்ட் மாதிரியானவற்றுக்கு மட்டும் போடுங்கள்.

மீன் பொரித்த எண்ணெய்

ஓபன்ஜிஎல்லில் ஓர் அமைப்பைப் போட்டால், நீங்களே மாற்றும் வரை அது அப்படியே இருக்கும். "இனி வரைவதெல்லாம் அரைவாசி ஊடுருவித் தெரியட்டும்" என்று தண்ணீருக்காகச் சொல்லிவிட்டு நிறுத்த மறந்தால், அடுத்து வரும் பூதமும் கண்ணாடிப் பூதமாகத்தான் வரும். மீன் பொரித்த தாச்சியில் எண்ணெயை மாற்றாமல் வடை போட்ட மாதிரி. வடையில் பிழை தேடிப் பிரயோசனமில்லை, அதற்கு முன் என்ன பொரித்தார்கள் என்று பார்க்க வேண்டும். படம் பிழைத்த பொருளின் நிரலை நாள்முழுக்க வெறித்துப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ஜிஎல்குவேக்கில் இதற்கு மேல் ஒரு நுட்பம். கடைசியாகப் பூட்டிய டெக்ஸ்சரின் எண்ணை அது ஒரு மாறியில் ஞாபகம் வைத்திருக்கும். மறுபடி அதே எண் கேட்கப்பட்டால் "ஏற்கனவே அதுதானே" என்று டிரைவரிடம் போகாமலே திரும்பிவிடும். நீங்கள் புதிதாக எழுதிய பகுதி அந்த வழியைச் சுற்றிக்கொண்டு நேரே டிரைவரிடம் டெக்ஸ்சரை மாற்றினால், ஞாபகம் பொய்யாகிவிடும். விளைவு: செங்கல் சுவரில் எழுத்துரு ஒட்டியிருக்கும். எல்லா மாற்றமும் ஒரே வாசலால் போக வேண்டும், அல்லது நேரே மாற்றியவர் அந்த ஞாபகத்தை அழித்துவிட்டு வர வேண்டும்.

அரைவாசி மாற்றிய வீடு

பழைய கார்டில் வெளிச்சம், டெக்ஸ்சர் கலப்பதெல்லாம் கார்டுக்குள் நிலையாகப் பதிந்த வழிமுறை. இன்று அந்த இடத்தில் நாமே எழுதிக் கார்டில் ஓடவிடும் சிறு நிரல் இருக்கிறது, அது ஷேடர். ஓபன்ஜிஎல்லில் ஷேடர் மொழி 2004 இன் 2.0 பதிப்பில் நிலைபெற்றது.

ஒரே சுவரை இரண்டு தடவை வரையும் பழக்கம் பழைய என்ஜின்களில் உண்டு: முதலில் செங்கல், அதன்மேல் லைட்மேப். இரண்டாவது தடவை வரையும்போது டெப்த் எண் அச்சொட்டாக ஒத்துப்போக வேண்டும். முதலாவதைப் பழைய வழியிலும் இரண்டாவதை ஷேடரிலும் வரைந்தால், இரண்டும் ஒரே கணக்கைக் கொஞ்சம் வேறு வரிசையில் செய்யும், கடைசித் தசமத்தில் மாறும், சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக மினுங்கும். மாற்றினால் அந்தச் சுவருக்கான இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஷேடருக்கு வந்துவிட்டால் இரண்டாவது தடவையே தேவையில்லை, செங்கலையும் வெளிச்சத்தையும் ஒரே வரியில் பெருக்கிவிடலாம்.

அகலத் திரையும் நேரமும்

இவை சின்ன விஷயங்கள். 4:3 திரைக்கு 90 பாகைப் பார்வைக் கோணம் வைத்திருந்தால், மேலும் கீழும் அதே அளவு தெரிய 16:9 திரையில் அது 106.26 பாகை ஆக வேண்டும். 90 ஐயே விட்டால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு எல்லாம் கிட்ட வந்ததுபோல் தெரியும். 320×200 படம் 4:3 திரையை நிரப்பியது, ஆகவே அதன் பிக்சல் சதுரமல்ல, அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். அதைச் சதுரமாக்கிக் காட்டினால் எல்லாரும் கட்டையாவார்கள்.

நேரமும் அதே மாதிரி. குவேக் தன்னைச் செக்கனுக்கு 72 ஃபிரேமுக்கு மேல் போகவிடாது. அந்தத் தடையை எடுத்துவிட்டு 144 இல் ஓடவிட்டால், ஃபிரேமோடு கட்டப்பட்ட அசைவுக் கணக்குகள் வழுக்கும். வரைதலை வேகமாக்கலாம், அசைவுக் கணக்கை 72 இலேயே தனியாக ஓடவிட வேண்டும். நேரத்தை 32 பிட் தசம எண்ணில் செக்கனாக வைக்கும் என்ஜின்களில் இன்னொன்று: 131,072 செக்கனுக்குப் பிறகு, அதாவது 36 மணித்தியாலம் தாண்டியதும், அந்த எண்ணால் 0.0156 செக்கனுக்குக் குறைந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. அது ஏறக்குறைய ஒரு ஃபிரேம். நாள்கணக்கில் ஓடவிட்ட கேமில் தண்ணீர் அலை விக்கி விக்கி ஆடுவதற்கு அதுவே காரணம். நேரத்தை 64 பிட்டில் வைத்துக்கொண்டு, ஷேடருக்கு அனுப்பும்போது மட்டும் அலையின் ஒரு சுற்றுக்குள் மடித்து அனுப்புங்கள்.

சரியான படம் எது?

பழுதுபார்ப்பவர் முதலில் முடிவெடுக்க வேண்டிய கேள்வி இது. "நல்ல படம்" வேறு, "சரியான படம்" வேறு. வடிவாக்குவதல்ல இந்த வேலை. பழைய கணினியில் எப்படித் தெரிந்ததோ அப்படியே தெரியவைப்பது.

அதுவும் அவ்வளவு சுலபமில்லை. குவேக் முதலில் கார்ட் இல்லாமல், செயலியாலேயே 256 நிறங்களில் வரைந்தது. அந்த வடிவத்தில் பிரகாசமான இடத்தில் டெக்ஸ்சர் தன் இயல்பு நிறத்தைவிட இரண்டு மடங்கு வரை ஒளிரலாம். பின்வந்த ஜிஎல்குவேக்கில் பெருக்கல் 1 உடன் நின்றுவிட்டது, தீப்பந்தத்துக்குக் கிட்டவுள்ள சுவர்கள் தட்டையாகின. தலைமுறை ஒன்று அந்தத் தட்டையான படத்தையே அசல் என்று பார்த்து வளர்ந்தது. இன்று பராமரிக்கப்படும் வடிவங்கள் பல, பெருக்கலை இரட்டித்துப் பழைய ஒளியை மீட்கின்றன. எங்கள் அபிப்பிராயம்: வரைபடம் செய்தவர் எந்தத் திரையைப் பார்த்து விளக்குகளை வைத்தாரோ அதுவே அளவுகோல். 1996 வரைபடத்துக்குச் செயலி வடிவம். மற்றதை விரும்புபவருக்கு ஓர் ஆளி வைத்துக் கொடுங்கள்.

தேடும் ஒழுங்கு

பிழையைத் தேடும்போது கைக்கு வந்ததை மாற்றிப் பார்ப்பவர் மூன்றாம் நாள் புதிய பிழை இரண்டோடு நிற்பார்.

முதலில் பிழையை ஓரிடத்தில் கட்டிப்போடுங்கள்: ஒரே பதிவுக் கோப்பு (ஆட்டத்தைப் பதிந்து வைத்தது), ஒரே இடம், ஒரே திரை அளவு, ஒரு ஸ்கிரீன்ஷொட். அடுத்து கார்டையே விலக்கிப் பாருங்கள். மேசாவில் எல்எல்விஎம்பைப் என்ற வழி செயலியாலேயே ஓபன்ஜிஎல்லை ஓட்டும். மெதுவாக ஓடும், பரவாயில்லை. அங்கும் அதே பிழை வந்தால் அது அநேகமாக உங்கள் நிரலின் பிழை. அங்கே வராவிட்டால் உடனே டிரைவரைத் திட்டாதீர்கள், ஏனென்றால் விதி சொல்லாமல் விட்ட ஒன்றை உங்கள் நிரல் நம்பியிருக்கலாம், அதை எல்எல்விஎம்பைப் பொறுத்திருக்கலாம்.

பிறகு டிரைவரைப் பேசவிடுங்கள். டீபக் அவுட்புட் வசதியை ஒத்திசைவு நிலையில் போட்டால், பிழையான அழைப்புக்குள்ளேயே டிரைவர் செய்தி சொல்லும், அங்கேயே நிரலை நிறுத்திப் பார்க்கலாம். ஒரு ஃபிரேமின் எல்லா அழைப்பையும் பதிந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ரெண்டர்டாக் நல்ல கருவி, ஆனால் உடனடி முறையில் எழுதிய பழைய ஓபன்ஜிஎல்லை அது ஏற்காது. பழைய நிரலுக்கு ஏபிஐட்ரேஸ் பாவியுங்கள். அதில் பொருள் பிழைத்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போய், எண்ணெய் எங்கே மாறியது என்று தேடலாம்.

முன்பு சரியாக இருந்து இடையில் கெட்டதென்றால், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் உள்ள பைசெக்ட் கட்டளை. 1,000 மாற்றங்களுக்குள் குற்றவாளியைப் பாதி பாதியாக வெட்டி 10 சோதனையில் பிடித்துவிடலாம். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகத் தொகுக்கக்கூடியதாகச் சேமிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இது பலிக்கும்.

இடிக்கலாமா, திருத்தலாமா?

விளையாட மட்டும் வேண்டுமென்பவர் நிரலைத் தொடவே தேவையில்லை. டிஎக்ஸ்விகே பழைய டைரக்ட்3டி அழைப்பை வல்கனுக்கு மாற்றும். டிஜிவூடூ பழைய கிளைட் (ஓபன்ஜிஎல் மாதிரி இன்னொரு விதி), டைரக்ட்எக்ஸ் அழைப்புகளைப் புதிய டைரக்ட்3டிக்கு மாற்றும். சன்னலில் இன்னொரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துவது போன்றது. ஆனால் துண்டில் உள்ள பிழை துண்டிலேயே இருக்கும்.

என்ஜினைப் பராமரிப்பவருக்கு அது போதாது. மக்கில் ஓபன்ஜிஎல்லை ஆப்பிள் 2018 இல் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதற்காக எல்லாவற்றையும் இடித்து எழுதக் கிளம்புவதும் ஆபத்து. திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டையைப் போர்த்துக்கீசர் கட்டினார்கள், ஒல்லாந்தர் மாற்றிக் கட்டினார்கள், ஆங்கிலேயர் தங்கள் தேவைக்குத் திருத்திப் பெயர் வைத்தார்கள். பழைய என்ஜினும் அப்படித்தான், எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று ஒரு கல்லாக எடுத்துத்தான் அறிய முடியும்.

வரிசை இது: முதலில் உடனடி முறையை உச்சித் தாங்கிக்கு மாற்றுங்கள், மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும். அடுத்து நிலையான வழிமுறைகளை ஒரு மேற்பரப்பு வகையாக ஷேடருக்கு: சுவர், பிறகு தண்ணீர், பிறகு பூதங்கள், கடைசியில் திரை எழுத்து. எல்லாம் முடிந்த பிறகே பழையதை முற்றாக நீக்கிய ஓபன்ஜிஎல் 3.2 அல்லது 3.3 வடிவத்துக்குத் தாவுங்கள். இந்த இடைக்கட்டத்தை மக்கில் செய்ய வெளிக்கிட வேண்டாம். அங்கே பழைய 2.1, புதிய 3.2 முதல் 4.1 வரை என்று இரண்டே வீடு, இரண்டையும் கலந்த வீடு கிடையாது.

ஒவ்வொரு படியிலும் பழைய வழியை ஓர் ஆளிக்குப் பின்னால் உயிரோடு வைத்திருங்கள். ஒரே பதிவுக் கோப்பை இரண்டு வழியிலும் ஓட்டி, ஸ்கிரீன்ஷொட்டுகளைப் பிக்சல் பிக்சலாகக் கழித்துப் பாருங்கள். நிறத்தின் 255 படியில் ஒன்றிரண்டு வித்தியாசம் கணக்கின் கடைசித் தசமத்தால் வருவது, விட்டுவிடலாம். அதற்கு மேல் ஒரு விளிம்போ நிழலோ உருவமாகத் தெரிந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனக் கார்டிலாவது படம் ஒத்த பிறகு பழைய வழியை அழியுங்கள். அழிப்பதை வேறெந்த மாற்றத்தோடும் சேர்க்காமல் தனி மாற்றமாகச் சேமித்தால், ஆறு மாதம் கழித்து யாராவது "தண்ணீர் கறுப்பாகத் தெரிகிறது" என்று வரும்போது பைசெக்ட் நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.